பல்கலைக்கழகத்திலும் துரைத்தனமா?

"படிக்கச் சென்ற பிள்ளைக்குப் போரைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். தலவாக்கலைக் கடைவீதியிலும் இக்கேள்வி எழுகிறது. கொழும்பில் பெரிய உத்தியோகம் வகிக்கும் நம்மவர் இல்லங்களிலும் எழுகிறது. கொழுந்துக் கூடை சுமந்தே கூன் விழுந்த தாயொருத்தி தன் மகனை நினைந்து இவ்வாறு கேட்பாளாயின் அதில் நியாயம் உண்டு. அவளுக்கு உள்ள முதல் அந்தப் பிள்ளையின் படிப்பு ஒன்றே. ஆனால் சட்டம் படித்தவரும் பட்டம் பெற்றவரும் அதையே கேட்கும்போது நாம் வாளாவிருத்தல் தகாது.

போரை எதிர்த்த மாணவன் பேசியது சரியா, தவறா என்பதை உலகம் விவாதித்துக்கொள்ளட்டும். அவனைத் தண்டிப்போர் எந்த ஆயுதத்தைக் கையில் எடுக்கின்றனர் என்பதே மலையகத்தார் உற்றுநோக்க வேண்டிய விடயம். அந்த ஆயுதம் நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மாரின் முதுகில் அதன் தழும்பு உண்டு.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி, நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகப் புல்வெளியில் மாணவர்கள் கூடாரமிட்டனர். காஸாவில் நடைபெற்ற போரை எதிர்த்தே அவர்கள் அங்கு அமர்ந்தனர். இஸ்ரேலோடும் போர்த்தளபாட உற்பத்தியோடும் தொடர்புடைய நிறுவனங்களில் பல்கலைக்கழகம் முதலீடு செய்தல் ஆகாது என்பது அவர்தம் கோரிக்கை. மறுநாளே பல்கலைக்கழகத் தலைவர் பொலிசாரை அழைத்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர்.

கைது பெரிதன்று, அதற்குச் சொல்லப்பட்ட காரணந்தான் பெரிது. மாணவர் முதலில் இடைநிறுத்தப்பட்டனர். இடைநிறுத்தப்பட்டவருக்கு வளாகத்தில் நிற்க உரிமையில்லை. உரிமையின்றி நிற்பவர் அத்துமீறியவர். அத்துமீறியவரைப் பொலிசார் பிடிக்கலாம். எவ்வளவு எளிய கணக்கு! முதல்நாள் மாணவனாயிருந்தவன் மறுநாள் குற்றவாளி. அவன் நின்ற இடம் மாறவில்லை. அவன் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட சொல் ஒன்றே மாறிற்று. கொலம்பியாவோடு இணைந்த பார்னார்ட் பெண்கள் கல்லூரி இன்னும் ஒருபடி முன்னே சென்று, இடைநிறுத்திய மாணவியரை விடுதி அறைகளிலிருந்தும் வெளியேற்றிற்று. ஒரு வாரங்கழித்து, ஏப்ரல் 25ஆம் திகதி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கைதான இரு மாணவருள் ஒருவர் கோயம்புத்தூரிற் பிறந்த தமிழ்ப்பெண். அவருக்கும் அன்றே வளாகத்தில் நுழையத் தடை விதிக்கப்பட்டது. விசாரணை அதற்குப் பிறகுதான்!

இந்தத் தருக்கத்தை வாசிக்கும் மலையகத்தான் எவனுக்கும் உருளவள்ளி நினைவுக்கு வராமற் போகாது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தவரைக் குடியேற்றுவதற்காகச் சுவீகரித்தது. தொழிலாளரை வெளியேறுமாறு கட்டளையிட்டது. அவர்கள் மறுத்தனர். தாம் உழைத்த மண்ணில், தம் பிள்ளைகளைப் பெற்ற காம்பராக்களில் இருந்தவர்கள்மீது அத்துமீறி இருந்தனர் என்று வழக்குத் தொடரப்பட்டது. 1946ஆம் ஆண்டு மலையகமெங்கும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் அதன் விளைவு. முதலில் ஆளை நீக்கு. நீக்கியபின் அத்துமீறினான் என்று சொல்! கொலம்பியாவின் தலைவர் கேகாலைக்கு வந்து கற்றுச் சென்றாரோ என்று கேட்கத் தோன்றுகிறது.

தோட்டத்தில் வேலைநீக்கம் என்பது வேலையை மட்டும் பறிப்பதாக ஒருநாளும் இருந்ததில்லை. செக்ரோலிலிருந்து பேர் வெட்டப்பட்டால் லயத்துக் காம்பராவும் போய்விடும். போக்கிடமும் இராது, ஏனெனில் துண்டு வேண்டும். கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும்வரை அந்தக் காகிதம் இல்லாதவனை அடுத்த தோட்டத்துத் துரை ஏறெடுத்தும் பாரான். இன்று நமது அரச பல்கலைக்கழகமொன்றிற் பதிந்த மாணவன் அங்கிருந்து நீக்கப்பட்டால் வேறொரு அரச பல்கலைக்கழகத்தின் கதவு அவனுக்கு எளிதில் திறக்குமா? ஒருமுறை பதிந்தவர் மீண்டும் அனுமதி கோர முடியாதென்பதே விதி. துண்டு ஒழிந்து நூறாண்டு கடந்தும் அதன் ஆவி அலைகிறது என்றால் மிகையாகாது.

போர்க்காலம் என்ற சொல்லும் நமக்குப் பழக்கமானதே. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டவை அடுத்த முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிசார் சுட்டனர்; கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அவ்வாண்டு ஜூன் மாதம், போர் ஏகாதிபத்தியத்தின் போர் என்று முழங்கிய சமசமாஜத் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் காவலில் வைக்கப்பட்டனர். கூலியைக் கேட்டவனும் போரை மறுத்தவனும் ஒரே கண்ணாற் பார்க்கப்பட்டனர். அதற்கும் முன்னர், 1933 முதல், நவம்பர் 11ஆம் திகதி பொப்பி மலர் விற்பனைக்கு எதிராகச் சூரியமல் விற்ற இளைஞரும் ஆசிரியரும் இந்நாட்டில் இருந்தனர். பிரித்தானியப் போர்வீரருக்குப் பணம் திரட்டாதே என்பது அவர்தம் கொள்கை. திரட்டிய பணத்திலிருந்து ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுமியொருத்தியின் படிப்புக்குச் செலவிட்டார்கள். மாணவரும் ஆசிரியரும் போர் குறித்துப் பேசுதல் மேல்நாட்டிலிருந்து நேற்று இறக்குமதியான பழக்கமென்று எண்ணுவோர் இதனை அறிவாராக.

தமிழகத்தைப் பார்ப்போம். அங்கே தண்டனைக்கு வேறொரு பெயர், விடுமுறை! 2009ஆம் ஆண்டு ஜனவரியில், வன்னியிற் குண்டு மழை பொழிந்த நாள்களில், செங்கல்பட்டுச் சட்டக்கல்லூரி மாணவர் போரை நிறுத்தக் கோரி உண்ணாவிரதம் இருந்தனர். ஜனவரி 29ஆம் திகதி முத்துக்குமார் சென்னையிற் தீக்குளித்து மாண்டார். கல்லூரிகள் கொந்தளித்தன. உடனே மாநில அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடிற்று. 2013ஆம் ஆண்டு மார்ச்சில் லயோலாக் கல்லூரி மாணவர் எண்மர் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலமெங்கும் பரவியபோதும் அதே மருந்துதான். முதல் முறை ஆண்டவர் கலைஞர் கருணாநிதி. இரண்டாம் முறை ஆண்டவர் செல்வி ஜெயலலிதா. ஒருவரையொருவர் எதிர்ப்பதே அரசியலாகக் கொண்ட இருவரும் இதில் மட்டும் ஒன்றுபட்டது வியப்பன்றோ? மூடுவதற்கு எவர்மீதும் குற்றப்பத்திரம் வேண்டியதில்லை.  கல்லூரியை மூடினால் விடுதியும் ஓயும். விடுதி ஓய்ந்தால் இராமநாதபுரத்துப் பிள்ளையும் தருமபுரிப் பிள்ளையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டும். சென்னையில் வீடு உள்ளவனே போராட எஞ்சுவான். கூரையைப் பறித்தால் குரல் தானே அடங்கும் என்பதைத் தோட்டத்துத் துரைமார் மட்டுமன்றி மக்களாட்சி முதலமைச்சர்களும் அறிந்துள்ளனர்.

ஒரு மாணவனின் இழப்பு எத்தனை ஆண்டு நீளும் என்பதற்கு என். சங்கரய்யாவின் வாழ்க்கையைக் காட்டலாம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இளங்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தவர். இரண்டாம் உலகப்போர் நடந்த வேளை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் கைதுசெய்யப்பட்டதைக் கண்டித்துத் துண்டறிக்கை எழுதினார் என்பதற்காக 1941ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவரும் பிடிபட்டார். தேர்வுக்கு இருந்தவை பதினைந்து நாள்களே. தண்டித்தது கல்லூரியன்று, ஆங்கில அரசின் பொலிசார் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் பட்டம் போயிற்று. அது பிறகு கைகூடவேயில்லை. சிறையில் எட்டாண்டும், சட்டமன்றத்திற் பல ஆண்டும் கழித்து நூறு வயதைக் கடந்த அப்பெரியாருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்க மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2023ஆம் ஆண்டு முடிவு செய்தது. வேந்தராகிய ஆளுநர் ஆர். என். இரவி கையொப்பமிடவில்லை. நவம்பர் 2ஆம் திகதி பட்டமளிப்பு விழா சங்கரய்யாவுக்குப் பட்டம் அளிக்காமலேயே நடந்தேறிற்று. உயர்கல்வி அமைச்சர் பொன்முடி விழாவைப் புறக்கணித்தார். நவம்பர் 15ஆம் திகதி சங்கரய்யா மறைந்தார். பதினைந்து நாள் பறிபோனதை எண்பத்திரண்டு ஆண்டு கழித்தும் ஈடுசெய்ய ஒரு கையொப்பம் கிடைக்கவில்லை!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. இடித்தது இராணுவமன்று, பல்கலைக்கழக நிருவாகம். போரில் மாண்டவரை எண்ணி விளக்கேற்றும் இடத்தை, இரவோடிரவாக, பட்டங்கள் வழங்கும் நிறுவனமே தரைமட்டமாக்கியது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தனர். ஜனவரி 11ஆம் திகதி துணைவேந்தரே வந்து மீண்டும் அடிக்கல் நாட்டினார். ஏப்ரலில் தூபி எழுந்தது. அந்த மூன்று நாள்களில் விளங்கியது என்னவெனில், துணைவேந்தரின் பேனாவை மேலிடம் பிடித்திருக்கலாம். மாணவர் உறுதியாக நின்றால் அந்தப் பிடி தளரவும் கூடும்.

நம்மவர் கைகளும் தூயனவல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிடின் இக்கட்டுரைக்கு நேர்மை இராது. 1986ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் விஜிதரன் கடத்தப்பட்டார். ஆயுதம் ஏந்திய இயக்கங்களைக் கேள்வி கேட்டு மாணவர் திரண்டனர். அப்போராட்டத்தை முன்னின்று நடத்திய விமலேஸ்வரன் 1988ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே தராசில் நிறுத்த மருத்துவ பீட ஆசிரியை ரஜனி திராணகம 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி வீதியில் வீழ்ந்தார். கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டவர், திரும்பவேயில்லை. அங்கு ஒழுக்காற்றுச் சபையும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. கொழும்பையும் நியூயோர்க்கையும் கண்டிக்கும் தமிழன் இந்தப் பெயர்களை விழுங்கிவிட்டுப் பேசினால் அவன் பேச்சை எவரும் மதியார்.

அப்படியாயின் பல்கலைக்கழகத்திற்கு ஒழுங்கே வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். கண்ணாடியை உடைத்தவன், காவலாளியை அடித்தவன், இன்னொரு மாணவனை அவன் இனத்தின் பொருட்டு அச்சுறுத்தியவன் தண்டிக்கப்படத்தான் வேண்டும். அமெரிக்கக் கூடாரங்களின் அருகே யூத மாணவர் சிலர் அஞ்சி நடந்ததும் பொய்யன்று. அந்த அச்சத்தை எள்ளுதல் மனிதத்தன்மையன்று. நமது பல்கலைக்கழகங்களில் ஒழுங்கு தளர்ந்ததால் விளைந்த கேட்டையும் நாம் அறிவோம். 1997ஆம் ஆண்டு பேராதனையில் தமிழ்ப் பொறியியல் மாணவரொருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதன் பின்னரே பிறந்தது. சுதந்திரம், சமத்துவம் என்று சுவரெல்லாம் எழுதும் மாணவர் சங்கங்களிற் சில, புதிய மாணவன் முன்னே சின்னத்துரைகளாக மாறுவதை நாம் மறந்தோமில்லை. மலையகப் பிள்ளைகள் அந்தச் சின்னத்துரைத்தனத்திற்கு அஞ்சிப் படிப்பையே விட்டோடி வந்த துயரும் உண்டு. அத்தகைய கொடுமைக்குக் கடுந்தண்டனை விதித்தால் முதலில் கைதட்டுபவர் நாமாக இருப்போம்.

ஆனால் அடித்தவனுக்கும் பதாகை பிடித்தவனுக்கும் ஒரே தண்டனை எங்ஙனம் நீதியாகும்? வியட்நாம் போரை எதிர்த்துக் கையிற் கறுப்புப் பட்டி அணிந்த பள்ளிப் பிள்ளைகளை 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பள்ளிகள் இடைநிறுத்தின. 1969ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கல்விப்பணி கணிசமாகக் குலைக்கப்பட்டாலன்றி மாணவரின் கருத்தைத் தண்டித்தல் ஆகாதென்று தீர்த்தது. அதற்கும் முன்னே, 1961இல், அலபாமாவிற் கறுப்பின மாணவரை விசாரணையின்றி நீக்கியது செல்லாதென்றும், குற்றச்சாட்டை அறிவித்து விளக்கம் கேட்ட பின்னரே அரசக் கல்லூரி நீக்கலாமென்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனை நல்ல தீர்ப்புகளை வைத்திருக்கும் நாட்டிலேதான் 2025ஆம் ஆண்டு மார்ச்சில் அரசாங்கம் கொலம்பியாவின் 400 மில்லியன் டொலர் மானியத்தை நிறுத்திற்று. அடுத்த சில நாள்களிலேயே பல்கலைக்கழகம் ஹமில்டன் மண்டபத்தைக் கைப்பற்றிய மாணவர் சிலரை நீக்கிற்று. சிலரின் பட்டங்களைத் தற்காலிகமாகப் பறித்தது. ஜூலையில் எழுபதுக்கு மேற்பட்டோர்மீது, நூலகப் போராட்டத்திற்காகத் தண்டனை அறிவித்தது. மறுநாளே அரசாங்கத்தோடு 20 கோடி டொலருக்கு மேல் செலுத்தும் உடன்பாட்டில் ஒப்பமிட்டது. மண்டபத்தைக் கைப்பற்றியோரிற் சிலர் தண்டனைக்கு உரியோராகவே இருக்கலாம். ஆயினும் நீதி வழங்குபவரின் மேசையில் இத்துணைப் பணம் கிடக்கும்போது தீர்ப்பை எவர் நம்புவர்? 1968ஆம் ஆண்டு இதே மண்டபத்தை வியட்நாம் போர் எதிர்ப்பாளர் கைப்பற்றினர். ஏப்ரல் 30ஆம் திகதி எழுநூறு பேரளவில் கைதாயினர். பிறகு பல்கலைக்கழகமே போர் ஆராய்ச்சி நிலையத்தோடு கொண்ட தொடர்பைத் துண்டித்தது. கைதானோர் கேட்டதும் அதுவே.

நமக்கு இதில் என்ன கவலை என்பதை விளங்கச் சொல்வோம். நுவரெலியா மாவட்டம் கல்வியிற் பின்தங்கியதென அரசாங்கமே ஏற்றுக்கொண்ட மாவட்டங்களுள் ஒன்று. அதற்கென அனுமதியில் தனி ஒதுக்கீடு உண்டு. அந்த வாயிலால் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்லும் பிள்ளைகளுக்கு விடுதியே வீடு. மகாபொலப் பணமே சோறு. வகுப்புத்தடை என்று ஒரு வரி எழுதினால் வகுப்பு மட்டும் நிற்பதில்லை. வரவு நிற்கும், வரவோடு புலமைப்பரிசில் நிற்கும், விடுதிக் கட்டில் போகும், பரீட்சை தவறும். கொழும்பு ஏழில் வீடுள்ள மாணவனுக்கு ஆறு மாத வகுப்புத்தடை அரையாண்டு ஓய்வு. ஹொலிரூட் தோட்டத்துப் பிள்ளைக்கோ, லயத்துக்குத் திரும்பி அடுத்த வாரமே கொழும்புக் கடையொன்றிற் சம்பளத்துக்கு நிற்க வேண்டிய கட்டாயம். அவன் மீண்டும் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பானா? ஆறு மாதங்கழித்து "நீ குற்றமற்றவன்" என்று கடிதம் வருமாயினும் அதனால் அவனுக்கு ஆவதென்ன? உருளைக்கிழங்கு விதை போட வேண்டிய வாரத்தில் நிலத்தைப் பூட்டிவிட்டு, மழை பொழிந்து ஓய்ந்தபின் "நிலம் உன்னுடையதுதானே, எடுத்துக்கொள்" என்று சாவியைக் கொடுத்தால் கந்தப்பளை விவசாயி ஏற்பானா?

காகிதத்தில் ஒரு சொல்லை மாற்றி மனிதனை இல்லாதவனாக்கும் வித்தையைத் தலவாக்கலைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டு சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இட்ட விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே வாக்காளர் வாக்கின்றி நின்றனர். அவர்களும் நின்ற இடத்திலேதான் நின்றனர்.

ஆதலின் மலையகச் சட்டத்தரணிகள் முன் ஒரு வேலை கிடக்கிறது. வகுப்புத்தடைக்கு எதிராக எழுத்தாணை கோரக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்குத்தான் செல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டு 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் பிள்ளை வளர்த்த குடும்பத்திற்கு அது எட்டாக்கனி. கண்டியிலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தொழில் புரியும் நம்மவர் பதின்மர் முன்வந்து, ஒழுக்காற்று விசாரணைக்கு அழைக்கப்படும் மலையக மாணவர்க்குக் கட்டணமின்றி ஆலோசனை கூறுவதும், வேண்டுமிடத்து மனுத் தாக்கல் செய்வதும் இயலாத காரியமா? ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்திக்கொள்ளும் விழாக்களுக்கு ஆகும் நேரத்திற் பாதி இதற்குப் போதும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நாம் கேட்பவை சில. கருத்துரைத்தமைக்காகவோ அமைதியான ஆர்ப்பாட்டத்துக்காகவோ விசாரணைக்கு உள்ளாகும் மாணவனை, விசாரணை முடியுமுன் விடுதியிலிருந்து வெளியேற்றலாகாது. பரீட்சை எழுதுவதைத் தடுக்கலாகாது. பெறுபேற்றை வேண்டுமாயின் நிறுத்திவைக்கலாம். புலமைப்பரிசில் முடங்கலாகாது. குற்றச்சாட்டு அவன் மொழியில் எழுத்திற் தரப்பட வேண்டும். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்துக்கு வவுனியாவிலும் தலவாக்கலையிலும் பதில் எழுதத் தெரியாமல் தவிக்கும் நிலை ஒழிய வேண்டும். விசாரிப்போரில் ஒருவரேனும் நிருவாகத்துக்குக் கட்டுப்படாதவராக இருத்தல் வேண்டும்.

நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எக்கட்சியினராயினும் ஆகுக. தேயிலைக் கொழுந்தின் நிறையைப் பற்றியும் வீட்டுத்திட்டக் கல்வெட்டில் எவர் பெயர் முதலில் என்பதைப் பற்றியும் சபையிற் பேச அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. உயர்கல்வி அமைச்சரிடம் ஒரேயொரு வாய்மொழிக் கேள்வியை அவர்கள் கேட்கட்டும்: கடந்த பத்தாண்டில், விசாரணை முடியுமுன் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவர் எத்தனை பேர், எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில், எத்தனை நாள், அவருள் மீண்டும் படிக்க வந்தவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கு மூன்று மொழியிலும் சபையில் வைக்கப்படட்டும்.